தோற்றவருக்கும் ஒரு காரணம்

போன வாரம் புவனா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்போது என் செக்‌ஷனில் ஜூனியராக இருந்தவள். இன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், டெண்டர்ல தோத்தவங்க போடுற ஆட்சேபனை ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சி. அதை எப்படிக் குறைக்கிறதுன்னு பயிற்சி வகுப்பு வெக்கிறாங்க. உங்க அனுபவத்துல இருந்து ஒரு அஞ்சு பாயின்ட் எழுதிக் குடுங்களேன். ஒரு பக்கத்துக்கு மேல வேணாம்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. ஒரு ஆயுள் முழுக்க அந்தக் கோப்புகளோடு மல்லுக்கட்டியவளிடம் வந்து, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாமாம்! "அஞ்சு பாயின்ட்டு உங்க ஆபீஸ் சுவத்துலயே எங்கியாவது ஒட்டியிருப்பாங்க, போய்ப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பாவம், அவளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் பாயின்ட் போட்டு எழுத எனக்கு வராது, நடந்ததை எழுதத்தான் வரும். அதனால் இது கொஞ்சம் நீளம்.

ராணுவக் கொள்முதல் என்றதும் எல்லோரும் பீரங்கி, விமானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். சென்னைக்கு வெளியே இருந்த எங்கள் அலுவலகம் வாங்கியது சாக்ஸ், கயிறு, கொசுவலை, தார்ப்பாய், கூடாரம். வாரநாளில் அங்கே ஒரு பெண்கள் விடுதியில் தங்குவேன். சனிக்கிழமை பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்துவிடுவேன். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறக்காதே. டெண்டர் போட்டவரிடம் சிரிக்காதே, டீ குடிக்காதே, கேட்டால் பதில் சொல்லாதே. தோற்றவருக்கு ஒரு வரிக் கடிதம் போகும், "தங்கள் ஒப்பந்தப்புள்ளி தகுதி பெறவில்லை" என்று. ஏன் என்று அதில் இருக்காது. அதுதான் நேர்மை என்று நாங்கள் எல்லோரும் மனசார நம்பினோம்.

ஆட்சேபனை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோற்றவர் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மனு போடுவார், இல்லாவிட்டால் நேராக ஹைகோர்ட்டுக்குப் போவார். பதில் சொல்லி முடிக்கும் வரைக்கும் ஆர்டர் அப்படியே நிற்கும். மனு போடுகிறவருக்கு ஒரு தாள் செலவு. பொருளுக்காகக் காத்திருக்கிறவனுக்கு ஒரு பருவமே போய்விடும்.

ஒரு முறை சாக்ஸ் டெண்டரில் மூன்று கம்பெனிகள் சேர்ந்தாற்போல் ஆட்சேபனை போட்டன. எங்களுக்கு ஒரே ஆத்திரம். எடுத்துப் பார்த்தால் தப்பு எங்கள் பக்கம். முன்னால் சப்ளை செய்த கம்பெனியின் சாக்ஸை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்தே விவரக்குறிப்பு எழுதியிருந்தோம். விளிம்பில் பச்சைக் கோடு இத்தனை என்பது வரைக்கும்! அந்தக் கோடு அந்த ஒரு கம்பெனியின் மெஷினில்தான் விழும். காலுக்குக் கதகதப்பு வேண்டும் என்று எழுதுவதை விட்டுவிட்டு, கோட்டை எண்ணிக்கொண்டிருந்தோம். வரும் ஆட்சேபனையில் பாதி நாம் விவரக்குறிப்பு எழுதும் அன்றைக்கே பிறந்துவிடுகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீதிப் பாதி எங்கே பிறக்கிறது என்று தெரிவதற்கு கர்னல் தேவசகாயம் வர வேண்டியிருந்தது.

அவர் வேலூர்ப் பக்கம். உயரமும் இல்லை, மீசையும் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. கோப்பை நின்றுகொண்டேதான் படிப்பார். உட்கார்ந்தால் கையெழுத்துப் போடத் தோன்றிவிடும் என்பார். யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நாற்காலி காட்டுவார், வந்தவர் தோற்ற கான்ட்ராக்டர் ஆனாலும் சரி. எங்களுக்கெல்லாம் அது பார்க்கவே கூச்சமாக இருக்கும். வந்த முதல் வாரமே பழைய ஆட்சேபனைக் கோப்புகளை எல்லாம் வரவழைத்து ஜன்னல் ஓரம் நின்று படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதுல யாருமே ஆர்டரை எனக்குக் குடுன்னு கேக்கலியே? ஏன் தோத்தேன்னு தானே கேட்டிருக்காங்க?"

"சொன்னா அதையே புடிச்சிக்கினு கோர்ட்டுக்குப் போயிடுவாங்க சார்."

"சொல்லாமலும் போயிட்டுத்தானே இருக்காங்க?"

அவர் கோப்பை மூடினார். "ஜெயிச்சவன் ஆர்டரோட போறான். தோத்தவன் ஒரு காரணத்தோடயாவது போகட்டுமே" என்றார். நல்ல மனுஷன், சீக்கிரமே எங்கேயாவது தூக்கியடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் கூடார டெண்டர் வந்தது.

மலை மேல், கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு படைப்பிரிவுக்குக் குளிர்காலக் கூடாரம் வாங்க வேண்டும். பழைய கூடாரங்கள் காற்றில் கிழிந்து, ஒட்டுப்போட்டு, ஒட்டும் கிழிந்துவிட்டன. பனி விழுந்து கணவாய் மூடிவிட்டால் அப்புறம் ஒரு லாரியும் மேலே ஏறாது. அங்கே சப்ளை பார்த்துக்கொண்டிருந்தவர் சுபேதார் வேலு, நம் போளூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் பேச ஆள் கிடைத்தது என்று என் டேபிளுக்கே போன் போடுவார். "மேடம், பக்கத்து மலை வெள்ளையாயிடுச்சி. பசங்க ஒரே டெண்ட்ல நெருக்கிக்கினு படுக்கறாங்க. நனைஞ்ச கம்பளி காயறதே இல்ல. ரோடு மூடுறதுக்குள்ள அனுப்பிடுவீங்கல்ல?" என்பார். அனுப்பிவிடுவோம் என்பேன். சொல்லும்போதே எனக்குள் பயமாக இருக்கும்.

டெண்டர் நடக்கும் விதம் இதுதான். ஒவ்வொரு கம்பெனியும் இரண்டு கவர் கொடுக்கும். ஒன்றில் தகுதி விவரம், இன்னொன்றில் விலை. கூடவே துணியின் மாதிரி ஒன்றும் தர வேண்டும். மாதிரி தேறினால்தான் விலைக் கவரைப் பிரிப்போம். தேறாதவரின் விலைக் கவர் பிரிக்காமலே இரும்பு அலமாரியில் இருக்கும். மாதிரித் துணியில் யாருடையது என்று காட்டும் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொண்ட ராமலிங்கம் ஆளுக்கொரு எண் கொடுத்துக் கட்டி உள்ளே அனுப்புவார். சோதிப்பவர்களுக்கு எண் மட்டும்தான் தெரியும். துணியில் ஒரு புள்ளி அடையாளம் தெரிந்தாலும் அந்தக் கம்பெனி வெளியே போக வேண்டியதுதான்.

சோதனைகளில் ஒன்று தண்ணீர்ச் சோதனை. மாதிரியின் மூலையிலிருந்து ஒரு சதுரம் வெட்டி, வேர்க்கடலைப் பொட்டலம் மாதிரி மடித்து, வளையத்தில் மாட்டித் தொங்கவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். கீழே வைத்த தட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் துணி தேறாது.

அந்த முறை நாலு பேர் கொடுத்திருந்தார்கள். மூன்று துணி தேறியது, ஒன்று ஒழுகியது. தேறிய மூவரில் வடக்கே இருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் விலைதான் குறைவு. அவர்களுடைய சென்னை ஏஜென்ட் கோபிநாத். ஆர்டர் அவர்களுக்குத்தான் என்று முடிவாகி, கடிதம் டைப் ஆகிக்கொண்டிருந்தது. ஒழுகிய துணியைக் கொடுத்தவருக்கு வழக்கமான ஒரு வரிக் கடிதம் போயிற்று. கர்னல் அப்போது டெல்லியில் ஒரு மீட்டிங்கில் இருந்தார். அந்தக் கடிதம் போனது அவருக்குத் தெரியாது.

ஒழுகிய துணிக்குச் சொந்தக்காரர் ஏகாம்பரம். ஊர், அடி அண்ணாமலை.

கோப்பில் முகவரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரிவலப் பாதையில் அவருடைய ஷெட்டைத் தாண்டாமல் யாரும் மலையைச் சுற்றிவிட முடியாது. பௌர்ணமிக் கடைகளுக்குப் பந்தல் துணி, லாரிக்குத் தார்ப்பாய் என்று தைப்பவர். ராணுவ டெண்டர் அவருக்கு அதுதான் முதல் தடவை. கடிதம் கிடைத்த கையோடு தலைமை அலுவலகத்துக்கு ஆட்சேபனை போட்டுவிட்டார். ஆர்டரை நிறுத்திவை என்று அங்கிருந்து எங்களுக்கு உத்தரவு வந்தது. டைப் ஆன கடிதம் கையெழுத்தில்லாமல் நின்றது. மறுநாள் வேலு போனில் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆசிரமத்துப் பக்கம். வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட வீடுகளுக்கு நடுவில். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. இறங்கியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, நான் ஏகாம்பரம். அடி அண்ணாமலை. தார்ப்பாய் ஷெட்டு. நம்ம ஊர்க்காரங்கன்னு வீட்டை விசாரிச்சிக்கினு வந்தேன்."

டெண்டர் நிலுவையில் இருக்கும்போது கான்ட்ராக்டரை வீட்டில் பார்த்தேன் என்றால் என் வேலை போய்விடும். "ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல பேசுங்க. இங்க வரக்கூடாது" என்றேன்.

"ஆபீஸ்ல உள்ளயே வுட மாட்டேங்கறாங்கம்மா. நான் ஆர்டர் கேக்க வரல. என் துணியில இன்னா குத்தம்? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன். இருபது பொம்பளைங்க ஊசி புடிக்கறாங்க என் ஷெட்டுல. அவங்க கேக்கறாங்க, நான் இன்னான்னு சொல்றது?"

"என்கிட்ட கேக்காதீங்க."

உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு? வெயில்ல நிக்கறாரே, உள்ள கூப்பிட்டு ஒரு சொம்பு தண்ணியாவது..." என்றார். "நீங்க உள்ள போங்க!" என்று அவர்மேல் பாய்ந்தேன். வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் தராமல் எங்கள் வீட்டில் யாரையும் அனுப்பியதில்லை. ஏகாம்பரத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"சரிம்மா. வர்ற வெள்ளிக்கெழமை வரைக்கும் பாப்பேன். திங்கக்கெழமை ஹைகோர்ட்டுக்குப் போயிடுவேன். வக்கீல் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். கோர்ட்டில் தடை வாங்கிவிட்டால் கணவாய் மூடும் வரைக்கும் கேஸ் நடக்கும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கோபமா, தண்ணீர் தராத வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கர்னலிடம் போய், அவர் வீட்டுக்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய வம்பு.

"என்ன கேட்டாரு?"

"ஏன் தோத்தேன்னு கேட்டாரு சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"பணத்தோட வந்திருந்தா போலீஸைக் கூப்பிடலாம். காரணம் கேட்டு வந்தவரை என்னம்மா பண்றது?" என்றார். கூடாரக் கோப்பை வாங்கி நின்றபடியே புரட்டினார். பிறகு, "நாலு பேரையும் வரச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் மறுபடி தண்ணி ஊத்துவோம்" என்றார்.

"சார், அப்படி ஒரு வழக்கமே இல்ல. இந்தத் தடவை தேறிடுச்சின்னா முதல் சோதனை தப்புன்னு ஆயிடும். ஜெயிச்ச கம்பெனி சும்மா இருக்காது. ரெண்டு பக்கமும் கோர்ட்டுக்குப் போவாங்க."

"ஒழுகிச்சின்னா அவரு கண்ணால பார்த்துட்டுப் போவாரு. தேறிச்சின்னா தப்பு நம்மளுது. தப்பு நம்மளுதுன்னா அது நமக்குத் தெரிய வேணாமா?"

தலைமை அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு அப்போதே ஃபேக்ஸ் அனுப்பினார். "உங்கள் சொந்தப் பொறுப்பில்" என்று அன்றைக்கே பதில் வந்தது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஏதாவது ஆனால் உன் தலைதான் உருளும் என்று அர்த்தம்.

புதன்கிழமை காலையில் சாம்பிள் ரூமில் நாலு கம்பெனிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறைக்குள் வெளியாள் கால் வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஏகாம்பரம் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கடைசி நாற்காலியில். கோபிநாத் போனைத் தட்டிக்கொண்டு முதல் நாற்காலியில். ராமலிங்கம் நாலு மாதிரியையும் எடுத்துவந்து, மூலையிலிருந்து சதுரம் வெட்டி, மடித்து மாட்டினார். ஒரு வளையத்தைக் கை தவறிக் கீழே போட்டு எடுத்தார். வயசானவர், இத்தனை பேர் முன்னால் வேலை செய்து பழக்கமில்லை என்று நினைத்தேன்.

தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. டீ வந்து டம்ளர்கள் காலியாவதற்குள் நாலாவது தட்டில் டொக்கென்று ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. ஏகாம்பரத்தின் துணி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. விஷயம் முடிந்தது, கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம், வேலுவுக்குப் போன் செய்யலாம் என்று மனசு ஓடிவிட்டது. கோபிநாத் எழுந்து பையை எடுத்தார்.

ஏகாம்பரம் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கர்னல் அவரைத் தடுக்கவில்லை. பொட்டலம் முழுக்க உலர்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்து, அங்கேயிருந்துதான் சொட்டியது. அந்த இடத்தை விரலால் தொட்டார்.

"சார், இது நாங்க பொட்டு வெச்ச எடம்."

"எந்தப் பொட்டு?" என்றார் கர்னல்.

"துணியை அனுப்பறதுக்கு முன்னாடி சாமி முன்னால வெச்சிக் கும்பிட்டோம் சார். நாலு மூலையிலயும் மஞ்சளைக் கொழச்சி, குங்குமம் வெச்சி அனுப்பினோம். மொத மொதல்ல போற துணியாச்சே. அந்தப் பொட்டு எங்க சார்? ஒண்ணையும் காணோமே?"

நான் துணியைப் பார்த்தேன். பொட்டு இல்லை, கறை இல்லை, பளிச்சென்று இருந்தது. பிறகு ராமலிங்கத்தைப் பார்த்தேன். அந்த மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சார் தொவைச்சேன்" என்றார்.

"சோப்பு போட்டா?"

"ஆமா சார். சோப்பு போட்டுப் பிரஷ்ஷால தேச்சேன். மஞ்சக் கறை போகவே இல்ல, ரெண்டு மூணு வாட்டி தேச்சேன். பொட்டு அடையாளம் சார். அப்படியே வுட்டா அவரை வெளிய தள்ளிடுவாங்க. சாமிக்கு வெச்ச பொட்டுக்காக ஒரு ஆளைத் தள்ள மனசு வரல."

தண்ணீர் ஒட்டாமலிருக்கக் கூடாரத் துணியில் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். ராமலிங்கத்துக்கு அது தோன்றவே இல்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அந்த மனுஷனின் துணியைத் தானே கெடுத்துவிட்டார். நாங்களும் வழக்கம்போல அதே மூலைகளில் வெட்டிச் சோதித்துவிட்டு, தகுதி இல்லை என்று எழுதிவிட்டோம்.

கோபிநாத் கத்த ஆரம்பித்துவிட்டார். "சாம்பிளை ஆபீஸ்லயே வாஷ் பண்ணியிருக்காங்க! இந்த டெண்டரே செல்லாது சார். எங்களுக்கு ஆர்டர் குடுக்கப் போறீங்களா இல்ல நான் கோர்ட்டுக்குப் போகட்டுமா?" மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றாகப் பேசினார்கள். டெண்டர் செல்லாது என்றால் முதலிலிருந்து மறுபடி விளம்பரம், மறுபடி மாதிரி. அதற்குள் கணவாய் மூடி, குளிர்காலமே முடிந்துவிடும்.

கர்னலுக்கு இன்னும் ஒரு வழி இருந்தது, எனக்குத் தெரியும். பொட்டு வைத்தது விதிமீறல்; ஆகவே எப்படிப் பார்த்தாலும் ஏகாம்பரம் தகுதி இல்லாதவர் என்று சொல்லிவிடலாம். விதிப்படி அது சரியும்கூட. நான் அவர் பக்கத்தில் போய் மெல்ல அதைச் சொல்லவும் செய்தேன்.

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா. நம்ம கையால தொடச்சிட்டு, இப்போ அதைக் காரணமாச் சொன்னா நாக்கு கூசாதா?" என்றார். பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னார். அவர் மட்டும் நின்றார்.

"தப்பு எங்க ஆபீஸோடது. யாரு செஞ்சாங்கன்றது பிரச்சனை இல்ல, பொறுப்பு என்னுது. ஏகாம்பரம், இப்போ எல்லாமே உங்க கையில இருக்கு. இங்க நடந்ததை எழுதிக் கோர்ட்டுல குடுத்தீங்கன்னா உடனே தடை கிடைச்சிடும். கோபிநாத், நீங்களும் போகலாம், உங்களுக்கும் கிடைக்கும். ஆனா கேஸ் முடியறதுக்குள்ள ரோடு மூடிடும். அப்புறம் இந்தக் கூடாரத்துக்கு இவருக்கும் ஆர்டர் இல்ல, உங்களுக்கும் இல்ல. மேல இருக்கற பசங்க கிழிஞ்ச டெண்ட்ல இருப்பாங்க. இல்லன்னா இதே துணியில சோப்பு படாத நடுப்பாகம் இருக்கு. எங்க வெட்டணும்னு நீங்க நாலு பேருமே காட்டுங்க. தேறலன்னா அதோட முடிஞ்சது. தேறிச்சின்னா இவரு விலைக் கவரையும் இங்கியே பிரிப்போம். என்ன சொல்றீங்க?"

முதலில் ஏகாம்பரம்தான் வாயைத் திறந்தார்.

"எனக்குத் தடை வேணாம் சார். என் துணி நல்ல துணியான்னு தெரியணும்."

கோபிநாத் வெளியே போய் அவர் கம்பெனியோடு போனில் வெகு நேரம் பேசினார். திரும்பி வந்து மாதிரித் துணியை விரித்து, நட்டநடுவில் விரலை வைத்தார்.

மறுநாள் காலை வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளில் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. துணி தாங்க வேண்டும் என்று அருணாசலேஸ்வரரை வேண்டிக்கொண்டேன். தாங்காவிட்டால் ஷெட்டில் ஊசி பிடிக்கும் அந்த இருபது பெண்களுக்கு அந்த மனுஷன் என்ன பதில் சொல்வார்? அதே மூச்சில் அவர் விலை கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். குறைவாக இருந்து ஆர்டர் அவருக்கே போனால், அந்தச் சின்ன ஷெட்டில் அத்தனை கூடாரத்தை எப்போது தைத்து முடிப்பார்? இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமிதான் காது கொடுத்துக் கேட்கும்?

காலையில் அறையைத் திறந்தோம். தட்டு காய்ந்து கிடந்தது. ஏகாம்பரம் குனிந்து பொட்டலத்தின் அடியைத் தடவிப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி தடவினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கர்னல் இரும்பு அலமாரியிலிருந்து விலைக் கவரை எடுத்து, முத்திரை உடையாமல் இருப்பதை நாலு பேரிடமும் காட்டிவிட்டு, ஏகாம்பரம் கையிலேயே கொடுத்தார். "நீங்களே பிரிங்க." அவர் பிரித்தார். கர்னல் வாங்கிச் சத்தமாகப் படித்தார். கோபிநாத்தின் கம்பெனி விலையைவிடக் கூடுதல். அதிகம் இல்லை, கொஞ்சம்தான். ஆனாலும் கூடுதல்.

நான் மூச்சு விட்டேன். விட்டதற்கு உடனே வெட்கப்பட்டேன். ஏகாம்பரம் என்ன செய்யப்போகிறாரோ என்று எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"இன்னிக்குத்தான் சார் நான் தோத்தேன்" என்றார். "அன்னிக்கி நீங்க தோக்கடிச்சீங்க."

கர்னல் தலையைக் குனிந்துகொண்டார். ஏகாம்பரம் என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, ஆட்சேபனையை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது ராமலிங்கத்திடம் நின்றார். ராமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

"அழுவாதீங்கண்ணே. என்னைக் காப்பாத்தத்தான் செஞ்சீங்க. ஆனா அடுத்த வாட்டி தயவுபண்ணி என்னைக் காப்பாத்தாதீங்க" என்றார். கோபிநாத் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். ஏகாம்பரம் படியிறங்கும் முன் நான் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தார்.

அன்றைக்கே ஆர்டர் கையெழுத்தாகி வடக்கே போனது. அதற்குப் பிறகு தோற்றவருக்கு ஒரு வரிக் கடிதம் அனுப்பும் வழக்கத்தைக் கர்னல் நிறுத்திவிட்டார். எந்தச் சோதனை, எந்த இடத்தில் தவறியது, எவ்வளவில் தவறியது என்று அவர்கள் கேட்கும் முன்பே எழுதி அனுப்பினோம். விருப்பப்பட்டவர் சோதனையை வந்து பார்க்கலாம் என்றும் ஆயிற்று. ஆட்சேபனை அடியோடு நின்றுபோகவில்லை. வம்புக்கென்றே போடுகிற ஆட்கள் எப்போதும் உண்டு. ஆனால் கம்மியாயிற்று, வந்ததற்கும் பதில் எழுத எங்களுக்குப் பயமில்லை. இப்போது எல்லாம் ஆன்லைனாம். காரணம் என்கிற கட்டத்தில் ஏற்கெனவே டைப் செய்து வைத்த நாலைந்து வரியில் ஒன்றைத் தட்டினால் போதுமாம். புவனாதான் சொன்னாள். அப்படியென்றால் நாங்கள் அனுப்பிய அந்தப் பழைய கடிதத்துக்கும் இதற்கும் என்னடி வித்தியாசம்? அந்தக் கட்டத்தில் உன் கையால் இன்னும் இரண்டு வரி எழுது. எழுத முடியவில்லை என்றால், உனக்கே காரணம் தெரியவில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் கர்னலுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அலுவலகத்தின் தவறை வெளியார் முன்னிலையில் ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அடுத்த பதவி உயர்வு வேறு ஒருவருக்குப் போயிற்று. மெமோவை நான்தான் அவர் மேஜைக்கு எடுத்துப் போனேன். நின்றுகொண்டே படித்துவிட்டு, பதில் எழுதத் தாள் எடுத்து வரச் சொன்னார். எனக்கு வந்த அழுகையையும் ஆத்திரத்தையும் அடக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தால் போன் அடித்துக்கொண்டிருந்தது.

சுபேதார் வேலு. குரல் சரியாகவே கேட்கவில்லை.

"கடைசி லாரியும் ஏறிடுச்சி மேடம். அதுக்குப் பின்னாடியே ரோட்டை மூடிட்டாங்க. டெண்ட் எல்லாம் அடிச்சாச்சி."

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்களேன், ஒண்ணும் விளங்கல."

"பசங்க ராத்திரி டியூட்டி முடிச்சிட்டு வந்து உள்ள தூங்கறாங்க மேடம். ரொம்ப நாளைக்கு அப்புறம் கால நீட்டிப் படுத்திருக்காங்க. அதான் மெதுவாப் பேசறேன்."

"தூங்கட்டும். நீங்க போனை வெச்சிடுங்க" என்றேன்.